வங்கியில் வேலை பார்த்த அப்பா

என் அப்பா ஆடு மேய்த்தவர். வங்கி வாசல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாமலே செத்தும் போனார். ஆனால் அறுபதைத் தாண்டிய நான், பரீட்சைத் தாளில், "என் அப்பா வங்கியில் பணிபுரிகிறார். நானும் என் தம்பியும் தினமும் பள்ளிக்குச் செல்கிறோம்" என்று எழுதினேன். அதற்குப் பாஸும் போட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. நாலு பேர் முன்னால் வாய் வராதவள் என்பதால் எழுதி வைக்கிறேன்.

வண்டியூரில் நானும் என் மருமகளும் இருக்கிறோம். இரண்டே பேர். என் மகன் லோடு ஆட்டோ ஓட்டினான். ஒரு விபத்தில் போய்விட்டான். பிள்ளை இல்லை. பேரையூர்ப் பக்கம் தாய்வீடு இருந்தும், "ஒங்கள விட்டுட்டு எங்க போறது?" என்று மருமகள் என்னோடு இருந்துவிட்டாள். ஒரு பெண்கள் விடுதியில் அவளுக்குத் தற்காலிகச் சமையல் வேலை. எட்டாம் வகுப்புச் சான்றிதழ் கொண்டுவந்தால் நிரந்தரமாக்கலாம் என்று விடுதியைப் பார்த்துக்கொள்ளும் அம்மா சொன்னார். இவளோ ஏழோடு நின்றவள். அப்படித்தான் சிம்மக்கல்லில் ஒரு பழ மண்டிக்கு மேலே நடக்கும் டியூசனுக்குப் போகத் தொடங்கினாள். துணைக்கு நான்.

"அத்தே, நீங்களும் பரீட்ச எழுதுங்க. கூட இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும்."

"எனக்கு எதுக்குத்தா? நான் என்ன கலெக்டர் வேலைக்கா போகப்போறேன்?"

"போனாத்தான் என்ன? அந்தக் கார்ல நானும் ஏறிக்கிறேன்."

டியூசன் சார் சின்ன வயசுக்காரர், நல்ல மனிதர். அதுதான் எனக்கு எரிச்சல். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். ஆளுக்கொரு கைடு கொடுத்து, "புரியணும்னு அவசியமில்ல. மனப்பாடம் பண்ணுங்க, போதும்" என்றார். தமிழில் 'எங்கள் குடும்பம்' என்று ஒரு கட்டுரை. முன்னுரை, உறுப்பினர்கள், விடுமுறை, முடிவுரை. ஓர் எழுத்து மாறக் கூடாது.

எங்களோடு படித்த புரோட்டா மாஸ்டர் ஒருவர் எழுந்து, "சார், எங்கப்பா கொத்தனாரு. அத எழுதலாமா?" என்று கேட்டார்.

"அண்ணே, ஒங்கப்பாவ யாரு கேட்டா? கைடுல இருக்க அப்பாவ எழுதுங்க."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

மருமகள் காய் நறுக்கும்போதும் துணி துவைக்கும்போதும் ஒப்பித்தாள். எங்கள் குடும்பம் சிறிய குடும்பம், எங்கள் வீட்டில் நால்வர், என்று கடகடவென்று வருவாள். "விடுமுறையில் அனைவரும் கொடைக்கானல் செல்வோம்" என்ற வரிக்கு வரும்போது மட்டும் நின்றுவிடுவாள். கல்யாணமான புதிதில் என் மகன் அவளைக் கூட்டிப்போவதாகச் சொல்லிச் சொல்லி ஏமாற்றிய ஊர் அது.

பரீட்சையில் அதே கட்டுரைதான் கேட்டிருந்தார்கள். 'உன் குடும்பத்தைப் பற்றி எழுது.' நான் கைடில் இருந்ததை ஒரு புள்ளி விடாமல் எழுதினேன். பயம்தான். நாலாம் வகுப்பில், பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி முன்னால் ஒப்பிக்கும்போது எனக்கு ஒரு வரி மறந்துவிட்டது. அவர் போன பிறகு வாத்தியார் என்னைப் பெஞ்சு மேல் ஏற்றி, மணி அடிக்கும் வரை நிற்கவைத்தார். பாவாடை நனைந்துவிட்டது. இன்றைக்கும் நாலு பேர் என்னைப் பார்த்தால் கால் நடுங்குகிறது. அந்தப் பள்ளிக்கூடம் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில் நிலைத்து நின்றது அது ஒன்றுதான்.

திரும்பி வரும்போது டவுன் பஸ்ஸில் மருமகள் காதோடு சொன்னாள். "அத்தே, நான் நெசத்த எழுதிட்டேன்."

"என்னன்னு எழுதுன?"

"எங்க வீட்ல ரெண்டு பேருன்னு. அவுக போனத எழுதுனேன். கொழம்புல உப்ப அள்ளிப் போட்டுட்டு நீங்க என்னையத் திட்டுறதயும் எழுதுனேன். கை நிக்கவே இல்லத்தே."

அத்தனை சந்தோஷமாக அவளைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

முடிவு வந்தது. நான் கணக்கிலும் ஆங்கிலத்திலும் ஃபெயில், தமிழில் பாஸ். அவள் மற்ற எல்லாவற்றிலும் பாஸ், தமிழில் கொஞ்ச மார்க்கில் ஃபெயில். கட்டுரைதான் கவிழ்த்துவிட்டது என்றார் சார். அது அவருடைய கணிப்பு. விடைத்தாளை எங்கள் கண்ணில் யாரும் காட்டவில்லை.

"முன்னுரை போட்டீங்களாக்கா? தலைப்புப் பிரிச்சு எழுதுனீங்களா? முடிவுரை? திருத்துறவங்க ஒக்காந்து ஒங்க கதையவா படிப்பாங்க?"

"அவுக செத்ததுக்கு என்ன சார் முன்னுரை எழுதணும்?" என்று கேட்டாள் மருமகள்.

சார் குனிந்துகொண்டார். கீழே மண்டியில் யாரோ வாழைத்தார் விலையைக் கூவிக்கொண்டிருந்தார்கள். கைடை அவள் பக்கம் நகர்த்தி, "அடுத்த தடவ கைடுல இருக்கத மட்டும் எழுதுங்க. வேல முக்கியமா இல்லையா?" என்றார்.

"முக்கியந்தான்" என்றாள்.

எனக்குக் கேட்க வாய் துடித்தது. நாக்கு எழவில்லை. இப்போது கேட்கிறேன். உன் குடும்பத்தைப் பற்றி எழுது என்றுதானே கேட்டீர்கள்? எழுதினாளே! வேண்டாத பதிலுக்கு எதற்குக் கேள்வி? இல்லாத அப்பாவையும் இல்லாத தம்பியையும் எழுதிய கிழவி பாஸ். இருக்கிற மாமியாரையும் செத்த புருசனையும் எழுதியவள் ஃபெயில். அவளுக்குத் தமிழ் தெரியாது என்று எந்த வாயால் சொன்னீர்கள்? என்னைப் பெஞ்சில் ஏற்றிய அந்த வாத்தியார் செத்து எத்தனையோ காலம் ஆகியிருக்கும். அவருடைய பிரம்பை மட்டும் யார் இன்னும் கையில் வைத்திருக்கிறீர்கள்?

அடுத்த தேர்வு வரைக்கும் பொறுப்பதாக விடுதி அம்மா சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு வேறு ஆள்.

அதனால் தினமும் சாயங்காலம் கைடை என் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து ஒப்பிக்கிறாள். "எங்கள் குடும்பம் சிறிய குடும்பம். எங்கள் வீட்டில் நால்வர். அப்பா வங்கியில் பணிபுரிகிறார்." குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அந்த வரி வந்ததும் நின்றுவிடுகிறாள். தரையைப் பார்க்கிறாள்.

எனக்குக் கைடைக் கிழித்து அடுப்பில் போட வேண்டும் போல இருக்கிறது. வேலை அவளுடையது. விரலை வரியில் வைத்துக்கொண்டு எடுத்துக்கொடுக்கிறேன்.

"அனைவரும் கொடைக்கானல் செல்வோம். சொல்லுத்தா."