நான் வாங்கித் தந்த வரி

என் மனைவியின் வேலை போனதற்குக் காரணம் நான்தான். திட்டம் போட்டுச் செய்ததாக நினைக்க வேண்டாம், அந்த அளவு திறமை எனக்குக் கிடையாது.

நான் ஒரு கண்ணாடி டம்ளர் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவன். உலையில் உருக்கி வார்த்து ஆறிய டம்ளர்கள் வரிசையாக என் முன்னால் நகர்ந்து வரும். ஒவ்வொன்றையும் விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து நகத்தால் ஒரு சுண்டு சுண்டுவேன். நல்லது ‘ணங்’ என்று பாடும். கீறல் விட்டது ‘டக்’ என்று இருமும். பதினெட்டு வருஷம் இதையே செய்ததில், எதைச் சுண்டினாலும் நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது, நாட்டின் பொருளாதாரம் உட்பட. தொழிற்சங்கத்தில் செயலாளரும் நானே. கூட்டத்தில் என்னிடமிருந்து மைக்கைத் திருப்பி வாங்க இரண்டு பேர் வேண்டும் என்பதால் ‘மைக்’ என்பதே எனக்குப் பெயராகிவிட்டது.

மனைவி நாலு தெரு தள்ளி ஒரு கையுறைக் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தாள். வெல்டிங் செய்கிறவர்கள் போடும் தடித்த தோல் கையுறை. கட்டைவிரலைச் சேர்த்துத் தைக்கிற இடம்தான் அதில் சிரமம், அது அவள் பொறுப்பு. தைத்தது அத்தனையும் கப்பலேறிவிடும். எந்த நாட்டுக்கு என்று நான் கேட்டதே இல்லை. அவள் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த அட்டைப்பெட்டி ஒன்று பழைய துணி அடைத்து வீட்டுக் கூடத்தில் கிடந்தது. அதன்மேல் அந்த நாட்டின் பெயர் பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. பதினோரு வருஷமாக அதைத் தாண்டித்தான் தினமும் குளிக்கப் போனேன்.

அப்போதுதான் கடைகளில் வெளிநாட்டு டம்ளர் வந்து இறங்கியது. எங்கள் விலையில் பாதி. ஒன்றை வாங்கிவந்து, கதவைச் சாத்திக்கொண்டு சுண்டிப் பார்த்தேன். நன்றாகவே பாடியது. இதை வெளியே யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் முதலாளி இரண்டு உலைகளில் ஒன்றை அணைத்தார். மற்றதும் அணையப் போகிறது என்று பேச்சு எழுந்ததும், ஜென்மப் பகையாக இருந்த நிர்வாகமும் சங்கமும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டு, வெளிநாட்டு டம்ளருக்கு வரி கேட்டு வணிகத் துறை அலுவலகத்துக்குப் போனோம். முதலாளி தன் காரில் முன் சீட்டை எனக்குக் கொடுத்தார். அதிலேயே எனக்குத் தலை கால் புரியவில்லை. அங்கே அதிகாரி தண்ணீர் கொடுத்தார். டம்ளரைத் தலைக்குமேல் தூக்கி அடியைப் பார்த்தேன், வெளிநாட்டுச் சரக்கு. அப்படியே மேசையில் வைத்துவிட்டு, வறண்ட தொண்டையோடு முக்கால் மணி நேரம் பேசினேன். அந்த டம்ளரில் தண்ணீர் குடிப்பது தொழிலாளியின் கண்ணீரைக் குடிப்பதற்குச் சமம் என்று முடித்தபோது முதலாளி கைதட்டினார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

இரண்டு மாதத்தில் வெளிநாட்டு டம்ளருக்கு வரி வந்துவிட்டது. அணைந்த உலை மறுபடி எரிந்தது. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மனைவி சீக்கிரம் வீட்டுக்கு வந்தாள். கையில் அவளுடைய கத்தரிக்கோலும், தையல் மெஷின் நாற்காலியில் போடுகிற மெத்தையும் இருந்தன. அன்று எனக்கு விடுமுறை, சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

“அறுபது பேரை நிறுத்திட்டாங்க. அந்த நாட்டுல நம்ம கையுறைக்கு வரி போட்டுட்டாங்களாம்” என்றாள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஏழைப் பெண்களின் வயிற்றில் அடிக்கிற நாடு உருப்படுமா என்று தொடங்கி, நடு நடுவே சோற்றை விழுங்கிக்கொண்டு, பத்து நிமிஷம் முழங்கினேன். அவள் அந்த அட்டைப்பெட்டியைக் காலால் என் பக்கம் தள்ளினாள். அதன்மேல் இருந்த பெயரை முதல்முறையாக வாசித்தேன். வெளிநாட்டு டம்ளரின் அடியில் இருந்த அதே நாடு.

“நீங்க டம்ளருக்குப் போட வச்சீங்க. அவங்க கையுறைக்குப் போட்டாங்க. சூப்பர்வைசர் எல்லாரையும் உக்கார வச்சு விளக்கமா சொன்னாரு. அந்த வரியை யாரு போய்க் கேட்டு வாங்கினதுன்னு மட்டும் நான் சொல்லல.”

நான் தட்டை எடுத்துக்கொண்டு கை கழுவ எழுந்தேன். அவள் பின்னாலேயே வந்து கேட்டாள்.

“அந்த ஊர்லயும் உங்களை மாதிரி ஒருத்தர் எழுந்து நின்னு பேசியிருப்பாருல்ல?”

அந்த மனிதர் என்னை விடவில்லை. ஏதோ ஒரு கையுறைத் தொழிற்சாலையில் அவரும் செயலாளராக இருப்பார், தோலை விரலால் நீவிப் பார்த்தே உலகத்தைப் புரிந்துகொண்டவராக. அவர் மனைவி டம்ளர் தொழிற்சாலையில் வேலை பார்த்து, என்னால் வீட்டில் உட்கார்ந்திருக்கவும் கூடும். அவரிடம் மன்னிப்புக் கேட்கலாமா, சண்டைக்குப் போகலாமா என்று கடைசிவரை எனக்குத் தீர்மானமாகவில்லை.

தெருவில் வேலை போன பெண்கள் என்னைப் பார்த்தால் மரியாதையாகவே பேசினார்கள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வரியைக் குறைக்கச் சொல்லி மனு எழுதினேன். சங்கத்தில் பாதிப் பேர் என்னைத் துரோகி என்றார்கள். அதே அலுவலகம், அதே அதிகாரி. மனுவைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“போன தடவை வந்தவரு உங்க அண்ணனா?”

“இல்ல சார். நான்தான்.”

அவர் மறுபடி தண்ணீர் கொடுத்தார். இம்முறை அடியைப் பார்க்காமல் முழுக்கக் குடித்தேன்.

எட்டு மாதம் கழித்து இரண்டு நாடுகளும் பேசி, இரு பக்கமும் வரியைப் பாதியாக்கின. என் மனு அதற்கு உதவியதா என்று விசாரித்தேன். மேலிடத்துக்குப் போன அது இன்னும் பிரிக்காத காகிதக் கட்டுக்குள் இருப்பதாகச் சொன்னார்கள். கையுறைக் கம்பெனி முப்பது பேரைத் திரும்பக் கூப்பிட்டது. அதில் மனைவியும் ஒருத்தி. மீதி முப்பது பேருக்கு அழைப்பே வரவில்லை. எங்கள் பக்கம் ஓர் உலை மறுபடி அணைந்தது, பதினான்கு பேர் வெளியே போனார்கள். வரியைக் குறைக்கச் சொன்ன என்னை அந்தப் பட்டியலில் காணோம். அதைச் சந்தோஷமாக யாரிடமும் சொல்ல முடியவில்லை.

மனைவி வேலைக்குத் திரும்பியதும் அங்கே பெண்கள் அவளைப் பிரதிநிதியாக்கிவிட்டார்கள். இப்போதெல்லாம் நான் எந்த மனு எழுதினாலும் முதலில் அவள்தான் படிக்கிறாள். ‘கண்ணீர்’ வருகிற வரிகளை அடித்துவிடுவாள். கடைசியில் ஒரே கேள்விதான் கேட்பாள்: “சரி, இது யாரு தலைல போய் விழும்?”

போன வாரம் கண்ணாடி உருக்க உலையில் போடும் இறக்குமதி மணலுக்கு வரியைக் குறைக்கச் சொல்லி ஒரு மனு எழுதினேன். அவள் கேள்விக்குப் பதில் சொல்ல இரண்டு நாள் அவகாசம் கேட்டிருக்கிறேன்.