கயிறு கட்டிய ஜாதிக்காய் மரம்

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அப்பா ஆவுடையார்கோவில் பக்கம் மழையை நம்பிய ஊரில் பிறந்தார்கள். பதினாறு வயதில் தந்தையை இழந்து, இரண்டு தங்கைகளைக் கரைசேர்த்த பிறகே திருமணம் செய்துகொண்டார்கள். பின்னர் கீரமங்கலம் அருகே தென்னந்தோப்பு வாங்கிக் குடிவந்தார்கள். காய்க்கிற மரத்தில் அரிவாள் வைக்க மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

புயலில் பாதித் தென்னை சாய்ந்த பின், மிஞ்சிய நிழலில் நான்கு ஜாதிக்காய்க் கன்றுகளை வைத்தார்கள். ஜாதிக்காயில் ஆண், பெண் பூத்தால்தான் தெரியும். ஆறாம் ஆண்டு மூன்று மரங்கள் கொத்துக் கொத்தாகப் பூத்தன; அவை ஆண். ஒன்றில் மட்டும் ஒற்றைப் பூக்கள், அதுவே பெண். மகரந்தத்துக்கு ஓர் ஆண் போதும், மற்ற இரண்டை வெட்டிவிடலாம் என்று, வைத்துக்கொள்ள வேண்டிய பெண் மரத்திலும் ஓர் ஆண் மரத்திலும் கயிறு கட்டினார்கள். எதற்கென்று அப்போது நான் கேட்கவில்லை.

மறுவாரம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அம்மா உடன் இருந்தார்கள். நான் மூன்று மாதக் குழந்தையுடன் வீட்டில் இருந்தேன். அப்பா முன்பே சொல்லிவைத்திருந்தபடி மரம் வெட்டும் கருப்பையா அண்ணன் வந்தார். எந்த மரம் என்று கேட்டதும் அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"கயித்தப் பாத்து வெட்டச் சொல்லு ஆத்தா" என்றார்கள்.

கயிறு கட்டியதைத்தான் வெட்டச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். கருப்பையா அண்ணன் நகரவில்லை.

"இதுல பிஞ்சு இருக்கே தங்கச்சி. இன்னொருக்காக் கேட்டுப் பாருங்களேன்."

குழந்தைக்குக் காய்ச்சலா என்று நான்கு முறை தொட்டுப் பார்ப்பவள் நான். அன்று உள்ளே அவன் அழுதுகொண்டிருந்தான். "அப்பாவே சொல்லிவிட்டார்கள், வெட்டுங்கள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். திரும்பி வந்தபோது கயிறு கட்டிய ஆண் மரத்தோடு பெண் மரமும் வெட்டுண்டு கிடந்தது. சுண்டைக்காய் அளவுப் பிஞ்சுகள்.

வீடு திரும்பிய அப்பா அடிமரத்தைப் பார்த்தார்கள். "நாஞ் சொன்னது அரைச் சொல்லு. நீ என்ன பண்ணுவ?" என்று மட்டும் சொன்னார்கள். கேட்டவர்களிடமெல்லாம் தாமே வெட்டச் சொன்னதாகச் சொன்னார்கள். யாரும் நம்பவில்லை. கருப்பையா அண்ணனின் தவறை அப்பா மறைப்பதாகப் பேச்சு வந்தது. உறவினர் சிலரே அவரை வேலைக்குக் கூப்பிடுவதை நிறுத்தினர். நான் பேசாமல் இருந்தேன். சொல்லலாமா, சொன்னால் என்ன நினைப்பார்களோ என்றே மாதங்கள் போயின.

கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது அப்பா என்னிடம், "கருப்பையாவப் பத்தி நாலு பேருகிட்ட நீ சொல்லிரு ஆத்தா. நாஞ் சொன்னா எடுபட மாட்டேங்குது" என்றார்கள். சரி என்றேன். அப்போதும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். வெட்டச் சொன்னது நான்.

அப்பாவைக் கவனித்த மருத்துவர்கள், செவிலியர்கள், சொந்தபந்தங்கள், அக்கம்பக்கத்தார் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இறுதிக் காரியத்துக்கு, கூப்பிடாமலே வந்து விறகு பிளந்து கொடுத்த கருப்பையா அண்ணனுக்கும் நன்றி. உங்கள் தோப்பில் மரம் எடுக்க வேண்டியிருந்தால் அவரைக் கூப்பிடுங்கள். சந்தேகம் வந்தால் இன்னொரு முறை கேட்கச் சொல்கிறவர் அவர்.