ஜெர்மன்காரர் எல்லை தாண்டி வந்து சாப்பிட்ட கடை

2015 தைப்பொங்கலன்று எனக்கு விடுமுறை. வீட்டில் பொங்கிப் படைத்துவிட்டுக் குடும்பத்தோடு சுவிஸில் திரிம்பாக் என்ற ஊரிலுள்ள கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தபோது கார் வானொலியில் அந்தச் செய்தி வந்தது. சுவிஸ் பிராங்கின் மதிப்பு ஒரே காலையில் எகிறிவிட்டதாம்.

"இனி எல்லைக்கு அங்கால போய்ச் சாமான் வாங்கினா நல்ல மலிவு என்ன?" என்று மனைவி சந்தோஷப்பட்டாள். எனக்கோ என் வேலையை நினைத்துப் பயம் வந்தது.

நான் சமையல்காரனாக இருந்தது ஷாஃப்ஹவுசனில் ஒரு ஜெர்மன் உணவகத்தில். அங்கிருந்து காரில் ஏறிச் சற்று நேரத்தில் ஜெர்மனிக்குள் போய்விடலாம். அதே சாப்பாடு அங்கே பாதி விலையில் கிடைக்கும்போது எங்களிடம் யார் வருவார்கள்?

அந்தக் கடையைத் தொடங்கியவர் முதலாளியின் தகப்பன். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தெற்கு ஜெர்மனியிலிருந்து மனைவியோடு வந்து, ஒரு சந்துக்குள் நாலைந்து மேசை போட்டிருக்கிறார். சமையல் மனைவி, பரிமாறுவது அவர். பிறகு மகன் பக்கத்துக் கடையையும் வாங்கி, நடுச்சுவரை உடைத்துப் பெரிதாக்கினார். அவர்தான் என் முதலாளி. கோப்பை கழுவ வந்த என்னை அடுப்படிக்கு ஏற்றியவரும் அவரே. நான் சமைக்கத் தொடங்கிய காலத்தில் அவருடைய மகள் மேசைகளைப் பார்த்துக்கொண்டாள்.

நான் பயந்தபடியே நடந்தது. கோடை முடிவதற்குள் வெள்ளிக்கிழமை இரவுகளிலும் கதிரைகள் காலியாகக் கிடந்தன. ஒருநாள், பல வருடமாக எங்களிடம் சாப்பிடும் தச்சர் ஒருவர், சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு முதலாளியின் மகளிடம் சொன்னார்.

"கோவிக்காதையும் பிள்ளை. போன கிழமை அங்கால மவுல்டாஷன் சாப்பிட்டனான். ருசியும் இதுதான், ஒரு வித்தியாசமும் இல்லை."

மவுல்டாஷன் அந்தக் குடும்பத்தின் ஊர்ச் சாப்பாடு. இறைச்சியும் கீரையும் அரைத்து, மாவுக்குள் வைத்து மூடி, சூப்பில் அவிப்பது. என் மனைவி அதை ஜெர்மன் மோதகம் என்பாள். தச்சர் சொன்னதில் பிழையே இல்லை. முதலாளியின் தாயார் இறந்த பிறகு அதைக் கையால் செய்ய ஆளில்லை. எல்லைக்கு அப்பாலிருந்த ஒரு தொழிற்சாலையிலிருந்துதான் பைகளில் வந்தது. அந்தப் பைகளை வெட்டிக் கொட்டியவன் நான்தான்.

அன்று கடை பூட்டியதும் முதலாளி, "போதும். இந்த மார்கழியோட மூடுவம்" என்றார்.

"ஏன் மூடவேணும்? அப்பம்மா மாதிரிக் கையால செய்வம்" என்றாள் மகள்.

"ஆர் செய்யிறது?"

"நானும் இவரும்."

அவள் என்னைத்தான் காட்டினாள். என்னிடம் அவள் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. ஆனாலும், "ஓம், செய்வம்" என்று சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமைகளில் கடை பூட்டு. அன்றைக்குத்தான் முயற்சி. முதல்முறை மாவு கிழிந்து, உள்ளே வைத்ததெல்லாம் சூப்பில் மிதந்தது. அடுத்தமுறை கீரையைச் சரியாகப் பிழியவில்லை; எல்லாம் சொதசொதவென்று போனது. சரிவராததையெல்லாம் நாங்களே தின்றோம். "நீங்கள் படுற பாட்டுக்கு விழுந்து விழுந்து சிரிக்கலாம்" என்று முதலாளி மேல்மாடியிலிருந்த தன் வீட்டிலிருந்து கத்துவார். இறங்கி வரமாட்டார்.

கடைசியில் ஒரு திங்கட்கிழமை மாவு சொன்னபடி கேட்டது. வாசம் மேலே போயிருக்க வேண்டும். அன்று இறங்கி வந்தார். ஒன்றை முள்ளுக்கரண்டியால் வெட்டி வாயில் வைத்தார். நாங்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அம்மா சாதிக்காய் இன்னும் கொஞ்சம் கூடப் போடுறவா" என்றார். பிறகு கையைக் கழுவி, ஏப்ரனைக் கட்டிக்கொண்டு எங்களோடு மாவுப் பலகைக்கு முன்னால் நின்றார். மார்கழியில் மூடும் கதையை அதன் பிறகு அவர் எடுக்கவில்லை.

ஈஸ்டருக்கு முன் வரும் பெரிய வியாழனில் மவுல்டாஷன் சாப்பிடுவது அவர்களுடைய ஊர் வழக்கம். அடுத்த வருடம் அந்த நாளுக்காக மகள் வாசல் பலகையில், "இங்கே கையால் செய்தது" என்று மட்டும் எழுதினாள். விலையைக் குறைக்கவில்லை, கூட்டினாள். தகப்பன் தலையிலடித்துக்கொண்டார்.

மத்தியானம் கதிரை போதவில்லை. சந்தில் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். தச்சர் மனைவியோடு வந்து, சாப்பிட்டு முடித்து, இன்னொரு கோப்பை கேட்டார். எனக்கு நிமிர நேரமில்லை. அப்போது குசினிக் கதவைத் தள்ளிக்கொண்டு முதலாளி உள்ளே வந்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"ஜெர்மனியில இருந்து ரெண்டு கார் வந்திருக்கு! அங்க இப்ப ஒருத்தரும் கையால செய்யிறேல்லையாம். கேள்விப்பட்டு இங்க சாப்பிட வந்திருக்கினம், இங்க!"

மகள் கையிலிருந்த தட்டுகளை அப்படியே வைத்துவிட்டு அவரைக் கட்டிப்பிடித்தாள். நான் கரண்டியால் பானையில் தட்டித் தட்டிச் சத்தம் போட்டேன். வெளியே இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

அந்த வருடமே கடை மகளின் பேருக்கு மாறியது. குசினிப் பொறுப்பை என்னிடம் தந்தாள். கொரோனாக் காலத்தில் கதவடைத்தபோதும் மவுல்டாஷனைப் பெட்டியில் போட்டு ஜன்னலால் விற்றுத் தாக்குப்பிடித்தோம். இப்போது ஈஸ்டர் வாரத்தில் மேசை வேண்டுமென்றால் மாசி மாதமே சொல்லிவைக்க வேண்டும்.