தொண்ணூற்று நான்காம் பக்கம்

சசிக்குமாரின் போனைத் திறக்க அவனுக்கே இரண்டு நிமிடம் பிடிக்கும். கதவைப் பூட்டினால் இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பான். இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, மாத்தளையில் ஒரு சின்னக் கம்பனியில் புரோகிராம் எழுதுகிறவன், வயது முப்பத்தொன்று. அம்மாவுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்து, அதற்கு அவன் போட்ட பூட்டுகளில் அவள் ஒரு வாரம் திண்டாடினாள். பிறகு போனைத் துணிப்பெட்டிக்குள் வைத்துவிட்டு, பக்கத்து லயன் வீட்டுக்காரியின் போனில் பேசப் பழகிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலைகளில் அவன் றிஸ்வானின் கடையில் இருப்பான். றிஸ்வான் மாத்தளை டவுனில் போன் திருத்துகிறவன். அது சோற்றுக்கு. ஆசைக்குச் செய்வது வேறு. மின்சுற்றுகளைத் தானே வரைந்து, பலகை செய்வித்து, சிப்புகளை ஒவ்வொன்றாக ஈயம் வைத்து ஒட்டுவான். மூன்றாமவள் நதா. சசியின் கம்பனியில் வேலை, சசியைப் போலவே பட்டப்பின் படிப்பு. மூன்று பேரும் கூடினால் தேநீர் ஆறிப்போகும், பேச்சு ஆறாது.

"நீங்க இன்னும் வேர்ட்லயா தீசிஸ் எழுதுறீங்க, நதா? படம் ஒன்னு நகந்தா பக்கம் பத்தும் நகருமே" என்பான் சசி.

"நகந்தா நான் கையால தள்ளி வெக்கிறேன். ஒங்க லேடெக் சொஃப்ட்வெயர்ல ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனா மொத்தத் தீசிஸுமே நிக்குதே."

"நிக்கட்டும். ஆனா நான் ஒன்னையும் கொப்பி அடிச்சு ஒட்டுறதில்ல. ஒரு வரி எழுதியிருக்கேன். புரோகிராமும் பதிவும் போல்டர்ல இருந்து தானாவே வந்து பின்னிணைப்புல உக்காந்துக்கும். எப்பவும் கடைசியா உள்ளதுதான் வரும்."

"தானா வாறதுக்கு நீ ஒருநாள் அழுவாய்" என்று றிஸ்வான் சிரித்தான். அது சாபமில்லை, கேலி.

றிஸ்வானுக்கும் கேலி செய்ய உரிமை இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் கலேவெலயில் ஒரு மரக்கறிக் களஞ்சியத்துக்கு அவன் வெப்பமானி ஒன்று செய்து கொடுத்தான். அதன் பாஸ்வேர்ட் 1234. சசி அதைத் தன் போனிலிருந்தே திறந்து, கடைக்கு வந்திருந்தவர்கள் முன்னால் காட்டினான். "இது கருவி இல்ல மச்சான், தொறந்த வீடு" என்றான். அதோடும் விடவில்லை. ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில், பாதுகாப்பில்லாத கருவிக்கு உதாரணமாக, 'மாத்தளையைச் சேர்ந்த ஒரு தயாரிப்பாளர்' என்று எழுதினான். றிஸ்வான் அதை வாசித்துச் சிரித்தான். அவன் காது மட்டும் சிவந்தது.

அந்த ஆய்வேடு ஒரு பாயைப் பற்றியது. மெத்தைக்கு அடியில் விரிக்கிற சென்சர் பாய். விழுந்தெழும்பும் வயதில் உள்ளவர் கட்டிலை விட்டு இறங்கினால், தாதியின் மேசையில் மணி அடிக்கும், நேரமும் பதிவாகும். விரிப்பு நனைந்தால் அதுவும் பதிவாகும். பலகை றிஸ்வானுடையது, புரோகிராம் சசியுடையது. இரத்தோட்டையில் பன்னிரண்டு கட்டில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் பன்னிரண்டு பாய்களைப் பொருத்தினார்கள். யாரும் உள்ளே கை வைக்கக்கூடாது என்று, ஒவ்வொரு பாயின் பலகை இருந்த பெட்டியையும் சசி பசை ஊற்றி மூடினான்.

"பிறகு மாத்த வேணுமெண்டா என்ன செய்வாய்?" என்று றிஸ்வான் கேட்டான்.

"மாத்த வேண்டி வராது."

இல்லத்தை நடத்தும் மார்ஜரி மிஸ் ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் தாதியாக இருந்தவர். சுவரில் தொங்கும் அட்டையில் யார் எத்தனை தரம் கழிவறைக்குப் போனார்கள், யாருடைய விரிப்பு நனைந்தது என்பதெல்லாம் இருக்கும். பெயர் மட்டும் இருக்காது. கட்டில் எண்தான். வருகிறவர் போகிறவர் கண்ணில் படுகிற இடம் அது. முதல் நாளே அவர் சொன்னார்: "தம்பி, நம்பர் மட்டும் போடுங்க. பேர் வேணாம்."

"சரிங்க மிஸ்" என்றான் சசி. ஆனால் முதியவர்கள் கட்டில் மாறிப் படுக்கும்போது அவனுக்குக் குழம்பியது. தன் வசதிக்காகப் பெயர்களைப் போட்டுக்கொண்டான், பிறகு எடுத்துவிடலாம் என்று. எடுக்கவில்லை.

ஆய்வேடு தேறியது. பல்கலைக்கழக நூலகத்தின் தளத்தில் யாரும் பார்க்கும்படி ஏறியது. மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, சசி கடைக்குள் நுழைந்தபோது நதா ஏற்கனவே வந்திருந்தாள். றிஸ்வான் தன் மடிக்கணினியை அவன் பக்கம் திருப்பினான். கேலி ஒன்றும் வரவில்லை.

"என்ட சேர்க்கிட் படம் ஒழுங்கா வந்தீக்குதாண்டு பாக்கத்தான் எடுத்தேன். தொண்ணூத்தி நாலாம் பக்கம் பாரு."

சசி பார்த்தான். பின்னிணைப்பில் புரோகிராம் இருந்தது. மாதிரிப் புரோகிராம் இல்லை, இல்லத்தில் ஓடுகிற நிஜப் புரோகிராம். பன்னிரண்டு பாய்களின் மணியையும் தூரத்திலிருந்தே நிறுத்தக்கூடிய பாஸ்வேர்ட், பத்தாவது வரியில், முழுதாக. அவன் எழுதிவைத்த அந்த ஒரு வரி, சொன்னபடியே கடைசியாக இருந்ததை எடுத்து வந்து உட்கார வைத்திருந்தது. சமர்ப்பித்த நாளில் ஓரங்கள் சரியா, தலைப்புகள் சரியா என்று அறுபதாம் பக்கம் வரை பார்த்தான். அதன் பிறகு பார்க்கவில்லை.

அடுத்த பக்கத்தில் ஓர் அட்டவணை. ஒரு வாரப் பதிவு, நான்காம் கட்டில். அந்தக் கட்டிலில்தான் தரவு அதிகம் என்று சசி தெரிவு செய்திருந்தான். மேலே பெயர்: அந்தோனிமுத்து. கீழே நேரங்கள். எழுந்தது, திரும்பியது, விரிப்பு நனைந்தது.

சசி வாய் திறந்தபோது முதலில் வந்தது: "வேற யாரும் பாத்தாங்களா?"

"நான் பாத்தேன், நதா பாத்தா. மத்தவங்கள எனக்கெப்படித் தெரியும்?"

"சத்தமில்லாம பாஸ்வேர்ட மட்டும் மாத்திரலாமா?" என்றான் சசி. கேட்ட பிறகுதான், கேட்டது தன் காதில் விழுந்தது.

நதா அவனை நேராகப் பார்த்தாள். "எப்படி மாத்துவீங்க? பாஸ்வேர்ட் உள்ளுக்க சிப்லதானே இருக்கு? நீங்கதானே பெட்டிக்குப் பசை ஊத்தினீங்க? பன்னெண்டையும் ஒடைக்கணும். மிஸ்ஸுக்குத் தெரியாம ஒடைக்க ஏலுமா?"

ஒன்று அவனை மிகவும் வதைத்தது. றிஸ்வான் 1234ஐப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பசையை இளக்கும் சூட்டுக் கருவியையும் திருகாணி முடுக்கிகளையும் பைக்குள் போட்டு, கடையை நதாவிடம் ஒப்படைத்துவிட்டு, "வா, பஸ் போயிரும்" என்றான். அவ்வளவுதான்.

பஸ்ஸில் வைத்தே சசி நூலகத்துக்கு எழுதினான். ஆய்வேட்டைத் தளத்திலிருந்து எடுத்துவிடக் கோரும் படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. 'தொழில்நுட்பத் தவறு' என்று எழுதி, அழித்தான். 'பெயர் போட வேண்டாம் என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தும் ஒரு முதியவரின் பெயரையும் அந்தரங்கத் தகவலையும் வெளியிட்டுவிட்டேன்' என்று எழுதி அனுப்பினான். இரண்டாம் அத்தியாயத்தையும் திருத்தித் தருவதாகச் சேர்த்துக்கொண்டான். திங்கட்கிழமைதான் ஆட்கள் பார்ப்பார்கள் என்று பதில் வந்தது.

மார்ஜரி மிஸ் முழுவதையும் நின்றபடியே கேட்டார். திட்டுவார் என்று சசி எதிர்பார்த்தான். திட்டினால் சுகமாக இருந்திருக்கும்.

"எத்தன மணித்தியாலம் அலாம் இருக்காது?"

"ஒரு அஞ்சு மணித்தியாலம், மிஸ்."

"அப்ப ஆள் உக்காரணும்." இரண்டு பணிப்பெண்களைக் கூப்பிட்டு, எந்தக் கதிரை எந்தக் கட்டில்களுக்கு நடுவில் என்று காட்டினார். பிறகு கேட்டார்: "யாரு பேரு?"

"நாலாங் கட்டில்."

மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "எங்கிட்ட சொல்லிட்டீங்க. அவருகிட்ட யாரு சொல்றது?"

"நீங்க சொன்னா..."

"நான் பேர் போடலயே தம்பி."

அந்தோனிமுத்து தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பொருத்துகிறவராக இருந்தவர். வெளியே போகாவிட்டாலும் தினமும் சவரம் செய்து, சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டுக்கொள்வார். தன் கட்டில் ஒரு பல்கலைக்கழகப் புத்தகத்தில் வந்திருக்கிறது என்று பூசைக்கு வரும் பாதர் வரை சொல்லி வைத்திருந்தார். சசியைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாங்க இஞ்சினியர். புத்தகம் கொண்டாந்தீங்களா?"

சசி கட்டிலருகில் நின்று சொன்னான். சுற்றி வளைக்காமல் சொல்ல நினைத்து, நாலு இடத்தில் சுற்றினான். ஆனாலும் முடிவில் எல்லாவற்றையும் சொன்னான்.

கிழவர் சட்டையின் மேல் பொத்தானைச் சரிசெய்தார். பிறகு, "நனைஞ்சதும் இருக்கா?" என்றார்.

"இருக்குங்க ஐயா."

"என் பேரோட."

"ஆமாங்க."

"பேத்தி மதுஷிகா அந்தக் கெம்பஸ்லதான் படிக்கிறா. நான்தான் எடுத்து வாசின்னு சொன்னேன். பெருமையாச் சொன்னேன்." கட்டிலுக்கு அடியில் இருந்த ஒரு பெரிய பையைக் காலால் தொட்டார். விரிப்பு நனையாமல் பெரியவர்களுக்குக் கட்டும் பெம்பர்ஸ். "போன ஞாயித்துக்கெழம கொண்டாந்தா. எதுக்கு புள்ளன்னு கேட்டேன். சும்மா இருக்கட்டும் தாத்தான்னா. என் மூஞ்சியப் பாக்கல."

சசி மன்னிப்புக் கேட்டான். அது எங்கேயும் போய்ச் சேரவில்லை.

"என் கட்டில்ல இருந்து அந்தப் பாயக் கழட்டு."

சசி மிஸ்ஸைப் பார்த்தான். போன வருடம் இந்த மனுஷன் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்ததால்தான் முதல் பாயே இந்தக் கட்டிலுக்கு வந்தது.

"கழட்டுங்க" என்றார் மிஸ். "அவரு கட்டில்." போய், கையால் அடிக்கும் ஒரு பித்தளை மணியை எடுத்து வந்து, கிழவரின் தலையணை அருகில் வைத்தார். "எழும்ப முன்ன இத அடிக்கணும். அடிக்காம எழும்பினீங்கன்னா நான் பாய திரும்ப போட்டுருவேன். சரியா?"

"சரி."

முன்னறை மேசையில் றிஸ்வான் பசையை இளக்கிப் பெட்டிகளைத் திறந்து கொடுக்க, சசி பாஸ்வேர்டை ஒவ்வொன்றாக மாற்றினான். பதினொன்று. நான்காவதைப் பழைய பத்திரிகையில் சுற்றிப் பைக்குள் வைத்தான். இம்முறை பசை ஊற்றவில்லை.

"ரெண்டாம் அத்தியாயத்துல ஒன்னப் பத்தி இருக்கிறத எடுத்துர்றேன்" என்றான், தலை நிமிராமல்.

"எடுக்க வேணாம். அது உண்மதானே?" றிஸ்வான் அடுத்த பெட்டியை நீட்டினான். "ஒன்ட பிழையயும் அதுக்குக் கீழ எழுதிப் போடு."

நாலு மணியளவில் நான்காம் கட்டிலில் மணி அடித்தது. பணிப்பெண் எட்டாம் கட்டிலில் ஒருவருக்கு உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். சசி எழுந்து ஓடினான். அந்தோனிமுத்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தரையில் காலை ஊன்றிச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். சசி செருப்பை எடுத்து நேராக வைத்தான். கையை நீட்டினான்.

கிழவர் அந்தக் கையைப் பார்த்தார். வேறு ஆள் வருகிறதா என்று வாசல் பக்கமும் பார்த்தார். பிறகு பிடித்துக்கொண்டார். ஒருமுறை விழுந்தவருக்குப் பிடி வேண்டும், யார் கை என்பது பிறகுதான்.

கழிவறைக் கதவருகில் கையை விட்டார்.

"அந்தப் பக்கம் திரும்பி நில்லு" என்றார். "எண்ணாத."

சசி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான்.