சிவப்பு வெளிச்சத்தில் காணாமல் போன கோடு

மல்லிகா அக்கா போய்விட்டார்.

காலையில் தம்பி மெசேஜ் அனுப்பியிருந்தான். நேற்று சாயங்காலம் கடையிலேயே நெஞ்சுவலி... ஆஸ்பத்திரி போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

நான் டியூட்டியில் வேறு ஊரில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். எடுப்பதற்குள் வந்து சேர முடியாது. அதனால்தான் இங்கே, இந்த குரூப்பில் எழுதுகிறேன்.

பொழிச்சலூரில் எங்கள் தெருமுனையில் இருக்கும் ஜெராக்ஸ் கடை அவருடையது. எதையும் சோதிக்காமல் கையில் தரமாட்டார். பேனா என்றால் கிறுக்கிப் பார்ப்பார். பலூன் என்றால் ஊதிப் பார்ப்பார். ஊதின பலூனை யார் வாங்குவார்கள் என்று கேட்டால் ஒரு முறை முறைப்பார், அவ்வளவுதான்.

நான் பைலட் பயிற்சியில் இருந்த சமயம். இரவில் மேப்பைப் பார்த்து வழி கண்டுபிடித்துப் பறக்க வேண்டிய முதல் ஃப்ளைட் நெருங்கிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே ஒரு முறை, "தயாரிப்பு போதாது" என்று பயிற்சி தரும் சார் என்னைத் திருப்பி அனுப்பியிருந்தார். இன்னொரு முறை சொதப்பினால் அடுத்த பேட்ச்தான்.

இரண்டு நாள் லீவில் வீட்டுக்கு வந்து, ராத்திரி பகலாக மேப் போட்டேன். போகும் வழியை சிவப்புப் பேனாவால் பளிச்சென்று வரைந்திருந்தேன். அத்தனை பெருமை எனக்கு.

ராத்திரி பறக்கும்போது மேப் பார்க்க டார்ச் அடித்து, வெள்ளை வெளிச்சம் பட்டால் கண் கூசி வெளியே எதுவும் தெரியாது. அதனால் டார்ச்சில் சிவப்பு கண்ணாடிப் பேப்பர் ஒட்டிக்கொள்வோம். அதை வாங்கத்தான் அக்கா கடைக்குப் போனேன்.

அக்கா பேப்பரை வெட்டி, டார்ச்சில் ரப்பர் பேண்ட் போட்டு மாட்டினார். அப்படியே கொடுத்துவிடுவாரா என்ன... என் மேப்பையும் பிடுங்கிக்கொண்டு, இருட்டு வேண்டும் என்று கவுன்ட்டருக்கு அடியில் புகுந்துவிட்டார்.

"இன்னா பாப்பா... கோடு எங்க கீது?"

"நல்லா பாருங்கக்கா, நடுவுல பளிச்சுனு இருக்கும்."

"எனக்கு கண்ணு நல்லாத்தான் கீது. நீ வந்து பாரு."

குனிந்து உள்ளே போய்ப் பார்த்தேன். ஊர் இருக்கிறது, ஏரி இருக்கிறது, ரயில் பாதை இருக்கிறது. நான் இரண்டு நாள் உட்கார்ந்து போட்ட கோடு மட்டும் இல்லை. சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு மை தெரியாது என்பது அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை.

மேலே யாரோ, "கடையில யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார்கள்.

"கீறோம், ரெண்டு பேரு. செத்த நில்லு" என்றார் அக்கா, கீழே இருந்தபடியே.

பிறகு ஒரு கறுப்பு ஸ்கெட்ச் பேனாவை எடுத்தார். கிறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் தந்தார். நான் கோடு போட்டு முடிக்கும்வரை ஸ்கேல் நகராமல் பிடித்துக்கொண்டிருந்தார். ஜெராக்ஸுக்கு வந்தவர்கள் திட்டிக்கொண்டே நின்றார்கள்.

ஃப்ளைட் அன்று சார் பிரீஃபிங் ரூமில் லைட்டை அணைத்துவிட்டு, சிவப்பு டார்ச்சைப் போட்டார். "எல்லாரும் ரூட்டைக் காட்டுங்க."

மூன்று பேர் மேப்பில் கோடே தெரியவில்லை. அன்று அவர்கள் பறக்கவில்லை. என் கோடு மட்டும் கறுப்பாக, நேராக இருந்தது.

"இதை யாரும்மா உனக்கு சொன்னா?" என்று கேட்டார்.

"நானே வீட்ல டெஸ்ட் பண்ணிப் பாத்தேன் சார்."

வாயில் அதுதான் வந்தது. ஜெராக்ஸ் கடை அக்கா சொன்னார் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "தயாரிப்புன்னா இதுதான்" என்று சார் எல்லோர் எதிரிலும் பாராட்டினார். நானும் தலையாட்டிக்கொண்டு நின்றேன். அன்று இரவு பறந்தேன்.

அடுத்த முறை ஊருக்கு வந்தபோது அக்கா ஆசையாகக் கேட்டார். "சாரு இன்னா சொன்னாரு?"

"நல்லா இருக்குன்னு சொன்னாருக்கா."

"அப்படியா..." என்று சிரித்துவிட்டு, ஜெராக்ஸ் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு எத்தனையோ முறை அந்தக் கடைக்குப் போனேன். உண்மையைச் சொல்லவே இல்லை.

என் பேட்ச் ஆட்கள் இதைப் படிப்பீர்கள். சாரும் இங்கேதான் இருக்கிறார்.

சார், அன்று அதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. பொழிச்சலூர் மல்லிகா அக்கா.

ரொம்ப நன்றி அக்கா. போயிட்டு வாங்க.