கேற்றை விட்டுப் போனவர்

காணாமல் போன ஒரு பிள்ளையைப் புனித அந்தோனியார் எனக்குத் திருப்பித் தந்தார். நான்கு வருடங்களுக்கு முன் இதே செபக்கூட்டத்தில் இந்தச் சாட்சியைச் சொன்னேன். நீங்கள் கை தட்டினீர்கள். சிலர் அழுதீர்கள். அன்புக்குரிய விசுவாசிகளே, அன்றைக்கு நான் சொன்னது அரைவாசிதான். மற்ற அரைவாசியைச் சொல்லத்தான் இன்று முன்னால் வந்து நிற்கிறேன். தயவுசெய்து கடைசி வரைக்கும் இருந்து கேளுங்கள்.

என்னை உங்களுக்குத் தெரியும். அரசாங்கப் பாடசாலையில் பதினாறு வருடம் படிப்பித்தவள். அந்த வேலையை உதறிவிட்டு, தாழ்வுபாட்டு வீதியில் என் வீட்டு முன் அறையில் ஒன்பது பிள்ளைகளோடு ஆங்கிலப் பாடசாலை தொடங்கினேன். கதிரைகள்கூட அயலில் இரவல் வாங்கியவை. "உது எத்தினை நாளைக்கு?" என்று சிரித்தவர்களின் பிள்ளைகளே பிறகு அங்கே படித்தார்கள். கட்டுப்பாட்டால்தான் பாடசாலை வளர்ந்தது என்று ஏறிய மேடையெல்லாம் சொன்னேன். ஏழரைக்கு மணி அடித்தால் கேற் பூட்டப்படும். அதற்குப் பிறகு டொக்டரின் பிள்ளை வந்தாலும் வெளியேதான். பெற்றோருக்கு அது பிடித்திருந்தது. எனக்கு அதைவிடப் பிடித்திருந்தது.

கேற்றில் நின்றவர் செபமாலை அண்ணை. கடல் தொழில் செய்தவர். இடுப்பு நோவால் அதை விட்டுவிட்டு எங்களிடம் காவலுக்கு வந்தார்.

அது கார்த்திகை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. விடியற்காலையிலிருந்து மழை. மணி அடித்து ஐந்து நிமிடம் கழித்து, இரண்டாம் வகுப்பில் படித்த ஷாலினி வந்தாள். தகப்பன் அவளைச் சந்தியில் இறக்கிவிட்டு, வேலைக்கு நேரமாகிறது என்று திரும்பிப் பாராமல் போய்விட்டார்.

"மிஸ், பிள்ளை தெப்பமா நனைஞ்சு நிக்குது. உள்ள விடுவமே?" என்று செபமாலை அண்ணை கேட்டார்.

"ஒருத்தருக்குத் திறந்தா நாளைக்கு எல்லாருக்கும் திறக்கவேணும். நிக்கட்டும். அப்பதான் நேரத்துக்கு வரப் பழகுவா."

பிள்ளை கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என்னையே பார்த்தாள். நான் குடையோடு என் அலுவல் அறைக்கு, கந்தோருக்குள், போய்விட்டேன்.

பத்து மணிக்குத் தகப்பன் சாப்பாட்டுப் பெட்டியோடு வந்தார். "பிள்ளை இதை விட்டிட்டு வந்திட்டா, மிஸ்" என்றார். வகுப்பில் பார்த்தோம். இல்லை. கேற்றுக்கு ஓடினோம். பிள்ளையும் இல்லை, செபமாலை அண்ணையும் இல்லை. கேற் திறந்து கிடந்தது. அவருடைய போன் காவல் கூட்டுக்குள் கிடந்து அடித்தது.

தகப்பன் மோட்டார் சைக்கிளில் ஒரு பக்கம், ஆசிரியைகள் மற்றப் பக்கம். யூனிபோர்ம் போட்ட ஒரு சின்னப் பிள்ளை கடற்கரைப் பக்கம் போனதைக் கண்டதாகக் கடைக்காரர் ஒருவர் சொன்னார். அன்று கடல் கொந்தளித்துக் கிடந்தது. கந்தோர்க் கதவைச் சாத்திவிட்டு அந்தோனியார் படத்துக்கு முன் விழுந்தேன். அதுவரைக்கும் கதவுப் பூட்டின் திறப்பைத் தொலைத்தால்தான் அவரைக் கூப்பிட்டிருக்கிறேன். "பிள்ளையை உயிரோட தாரும் சுவாமி. கோயில்ல எல்லாருக்கும் முன்னால நிண்டு நடந்ததை நடந்தபடி சொல்லுவன்" என்று நேர்த்தி வைத்தேன். அப்போது பத்தரை இருக்கும்.

ஒரு மணிக்குப் பிள்ளை வந்தாள். செபமாலை அண்ணை சைக்கிளில் இருத்தி உருட்டிக்கொண்டு வந்தார். பிள்ளை அவருடைய சேட்டுக்குள் இருந்தாள். அவர் வெறும் மேலோடு மழையில் நனைந்து நின்றார். நான் கந்தோருக்குள் போனதும் பிள்ளை பயந்து நடந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அவர் எட்டிப் பார்த்திருக்கிறார், ஆளைக் காணவில்லை. கேற்றைத் திறந்துகொண்டு அவள் பின்னால் போயிருக்கிறார். கரையில் இழுத்து வைத்த வள்ளங்களை ஒவ்வொன்றாகத் தேடி, தாழ்வுபாட்டுக்குக் கிட்ட ஒரு வள்ளத்தில் மழைக்கு மூடியிருந்த படங்குக்குக் கீழே நித்திரையாகிக் கிடந்தவளைத் தூக்கி வந்திருக்கிறார்.

தகப்பன் பாய்ந்து வந்தார். "கேற்றில நிண்ட நீ என்ன செய்தனி? பிள்ளை எப்பிடி வெளியில போனது?"

செபமாலை அண்ணை என்னைப் பார்த்தார். "மிஸ்ஸிட்டக் கேளுங்கோ" என்று மட்டும் சொன்னார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன்: "நான் வந்து பாக்கேக்க வாச்சர் கேற்றில இல்லை. கேற் திறந்து கிடந்தது."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. தகப்பன் அவருடைய கன்னத்தில் அறைந்தார். நான் பிள்ளைக்குத் துவாய் எடுக்கப் போவது போல உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் அவரை வேலையை விட்டு நிற்பாட்டினேன். அந்தக் கிழமை முடியுமுன்பே இங்கே வந்து, "காவலாளியின் கவனயீனத்தால் தவறிப்போன பிள்ளையை அந்தோனியாரே கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்" என்று சாட்சி சொன்னேன். அடுத்த வருடம் பாடசாலையில் இடமில்லாமல் பிள்ளைகள் சேர்ந்தார்கள். அதையும் ஆசீர்வாதம் என்றேன். வெட்கமாக இருக்கிறது.

செபமாலை அண்ணையை வேறு யாரும் காவலுக்கு எடுக்கவில்லை. இடுப்பு நோவோடு கரையில் கருவாடு காயப்போடுகிறார். கோயிலுக்கு வருவதையும் விட்டுவிட்டார்.

போன மாதம் ஷாலினி என்னிடம் வந்தாள். இப்போது ஆறாம் வகுப்பு. "மிஸ், அண்டைக்குச் செபமாலை அங்கிளுக்கு என்னாலதானே அடி விழுந்தது? நான் அதிலயே நிண்டிருக்கவேணும் என்ன?" நான்கு வருடமாக அந்தப் பிள்ளை என் பாவத்தைத் தன்னுடையது என்று சுமந்திருக்கிறாள். "இல்லையம்மா" என்றேன்.

அன்றைக்கே தாழ்வுபாட்டில் செபமாலை அண்ணையின் வீட்டுக்குப் போனேன். அவர் வெளியே வரவில்லை. மனைவி வாசலில் நின்றார். மன்னிப்புக் கேட்டேன்.

"கோயில்ல சொன்னதைக் கோயில்ல போய் மாத்திச் சொல்லுங்கோ மிஸ்" என்றார். "இந்த வீட்டில எல்லாருக்கும் நடந்தது தெரியும்."

போன ஞாயிற்றுக்கிழமை ஷாலினியின் தகப்பனிடம் உண்மையைச் சொன்னேன். அவர் பிள்ளையை வேறு பாடசாலைக்கு மாற்றிவிட்டார். இன்றைக்குப் பிறகு இன்னும் எத்தனை பேர் மாற்றுவார்களோ தெரியாது. அது என் கைக்கு வெளியே. கேற்றை இப்போது நேரம் பார்த்துப் பூட்டுவதில்லை. அதைப் பெருமையாகச் சொல்ல நான் வரவில்லை.

ஆனாலும் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். நான் முழங்காலில் விழுந்தது பத்தரைக்கு. செபமாலை அண்ணை தேடப் புறப்பட்டது எட்டுக்கு முன்னால். நான் கேட்குமுன்பே ஆண்டவர் ஆளை அனுப்பிவிட்டார். அந்த ஆளைத்தான் நான் அடிக்கக் கொடுத்தேன்.

சகோதரங்களே, உங்களுக்கும் கஷ்டம் வரும். தயங்காமல் மன்றாடுங்கள், அவர் கேட்கிறார், இது சத்தியம். கேட்டது கிடைத்ததும், யார் கையால் கிடைத்தது என்று பார்த்து அவருடைய பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்னொன்றும் உங்களிடம் கேட்கிறேன். என் பேச்சை நம்பி அந்த மனிதரோடு முகம் கொடுத்துப் பேசாமல் விட்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். கரைப் பக்கம் போனால் அவரிடம் நின்று பேசுங்கள். பிள்ளையை வெளியே விட்டது நான், தேடிக் கொண்டு வந்தது அவர் என்று, நானே என் வாயால் சொன்னதாக அவருக்குச் சொல்லுங்கள்.