டேங்க் மூடியில் குளவி

பத்து நாள் புயல் எச்சரிக்கை முடிந்த காலை. கோட்டுச்சேரிமேட்டுக் கரையிலிருந்து எல்லாப் படகும் போய்விட்டன. என் மோட்டார் மட்டும் ஸ்லோவில் குலுங்கிக் குலுங்கி நின்றது. பிளக்கை மாற்றினேன், கார்பரேட்டரைக் கழுவினேன், வாய்க்கு வந்தபடி திட்டினேன். கூட வந்த மச்சான் பெட்ரோல் டேங்க் மூடியைத் தளர்த்தினார். உடனே சீராக ஓடியது. வீட்டில் சும்மா கிடந்த டேங்க் மூடியின் காற்றுத் துளையை அடைத்துக் குளவி மண்கூடு கட்டியிருந்தது.

மச்சான் ஸ்குரூடிரைவரை நீட்டினார். “தட்டி விட்டுருங்க மச்சான்.”

“என் பொண்ணுக்கு ஏழு மாசம். புள்ளத்தாச்சி இருக்குற வீட்டுல கூட்ட எப்படிக் கலைக்கிறது?” என்றேன்.

அவர் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டார். மூடியைத் தளர்த்தியபடியே கடலுக்குப் போனோம். பெட்ரோல் வாடையில் தலை வலித்தது. அலை தூக்கிப் போட்டபோதெல்லாம், வலையை விட்டுவிட்டு அந்த மண்ணைத் தொட்டுப் பார்த்தேன்.